காய்ச்சல் விட்ட பிறகு கால் வலுவிழந்தால்

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்றேன். உங்க வீட்டுக்கு என்னிக்காவது உதவும்.

அவர் மூட்டை தூக்கும் தொழிலாளி. வயசு 35 இருக்கும். ராத்திரி டூட்டியில நடந்துதான் வந்தார்.

"பத்து நாள் முன்னாடி சளி, காய்ச்சல் சார். அது சரியாயிருச்சு. நேத்துலேர்ந்து பாதம் மரத்த மாதிரி இருக்கு, படி ஏற முடியல."

பிரஷர், சுகர் நார்மல். காய்ச்சல் அசதின்னு பி காம்ப்ளக்ஸ் ஊசி போட்டு அனுப்பிட்டேன். முழங்காலுக்குக் கீழே சுத்தியலால தட்டிப் பார்க்க அரை நிமிஷம் போதும். நான் பார்க்கல.

மறுநாள் சாயங்காலம் ஸ்ட்ரெச்சர்ல வந்தார். கையையும் தூக்க முடியல. ஒரே மூச்சில் ஒண்ணு, ரெண்டு எண்ணச் சொன்னோம். நீங்களும் நானும் இருபதைத் தாண்டிருவோம். அவர் எட்டுல நின்னுட்டார். சீஃப் சுத்தியலால தட்டினார், கால் அசையவே இல்ல. என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரியே வென்டிலேட்டர்.

இதுதான் கில்லன் பாரே சிண்ட்ரோம், சுருக்கமா ஜிபிஎஸ். கிருமியை அடிக்கக் கிளம்பின நம்ம எதிர்ப்பு சக்தி, ஆள் மாறி நம்ம நரம்பையே அடிக்குது. மூணுல ரெண்டு பேருக்கு சில வாரம் முன்னாடி காய்ச்சலோ, சளியோ, வயிற்றுப்போக்கோ இருந்திருக்கும். வயிற்றுப்போக்கு தரும் கேம்பிலோபாக்டர் பாக்டீரியாவோட மேற்பரப்பு நம்ம நரம்பின் மேற்பரப்பு மாதிரியே இருக்கிறது நிரூபணமான விஷயம். வைரஸ்ல அந்த வழி இன்னும் முழுசாத் தெளிவாகல. ஆனா தொடர்பு உண்டு. 2013-14ல பிரெஞ்சு பாலினீசியாத் தீவுகள்ல ஜிகா வைரஸ் பரவினப்போ 42 பேருக்கு ஜிபிஎஸ் வந்தது.

அவர் மனைவி கேட்டாங்க, "வீட்ல எல்லாருக்கும் அதே காய்ச்சல்தானே சார்? இவருக்கு மட்டும் ஏன்? மழையில வேலைக்கு அனுப்பினது நான்தான்."

மழைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மான்னு சொன்னேன். வருஷத்துக்கு லட்சத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் வருது. ஏன் அந்த ஒருத்தருக்குன்னா யாராலயும் சொல்ல முடியாது. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஒரு நாள் வீணானது என்னால. அதை அன்னிக்கு அவங்ககிட்ட சொல்ற தைரியம் எனக்கு இல்ல.

காய்ச்சலுக்கு அப்புறம் அசதி எல்லாருக்கும் இருக்கும், பயப்படாதீங்க. அசதின்னா எழுந்திருக்க மனசு வராது. இதுல எழ நினைச்சாலும் கால் கேட்காது. ரெண்டு காலும் சேர்ந்து வலுவிழந்து, மேல மேல ஏறுதா? முழுங்கவோ மூச்சு விடவோ சிரமமா? சத்துக் குறைவுன்னு குளுக்கோஸ் ஏத்திக்கிட்டு விடியட்டும்னு காத்திருக்காதீங்க. அந்த ராத்திரியே வென்டிலேட்டர் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. இம்யூனோகுளோபுலின் மருந்து, இல்லைன்னா பிளாஸ்மா மாற்று சிகிச்சை. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஸ்டீராய்டு இதுக்கு உதவாது.

அவருக்கு அஞ்சு நாள் மருந்து ஏத்தினோம். வென்டிலேட்டர்லேர்ந்து வெளிய வர மூணு வாரம், கம்பு ஊனி நடக்க நாலு மாசம். இடது பாதம் இன்னும் கொஞ்சம் இழுக்குது. மூட்டை தூக்கறதில்ல. அதே மண்டியில கணக்கு எழுதறார்.