உம்மம்மாவின் வெண்ணெய்

வெள்ளவத்தையில் வளர்ந்த எனக்குப் பால் என்றால் பால்மாதான். 2022 மார்ச்சில் 400 கிராம் பக்கற் 790 ரூபாய்க்கு ஏறியபோது எங்கள் வீடு பிளேன்டீக்கு மாறியது. அப்போதுதான் உம்மம்மா பசும்பாலைத் தேடிப் பிடித்தார். அத்திடியப் பக்கம் மாடு வளர்க்கும் ஒருவர் இரண்டு நாளைக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் போத்தலோடு வருவார். பால்மாத் தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அவர் வருவது நிற்கவில்லை.

உம்மம்மா பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். சுபஹு பாங்குக்கும் சாந்த லூசியா பேராலய மணிக்கும் இடையில் பால்காரரின் சைக்கிள் மணி கேட்கும் என்பார். அந்தப் பாலில் எடுத்த வெண்ணெயைப் பாணில் தடவி, சீனி தூவித் தின்ற கதையை நூறு தடவையாவது கேட்டிருப்போம். கடைப் பட்டரை அவர் "மெழுகு" என்பார். (அநியாயமான தீர்ப்பு. எனக்கு அந்த மெழுகும் பிடிக்கும்.)

அவர் பாலைக் காய்ச்சுவதில்லை. அகன்ற சட்டியில் ஊற்றி இரவு முழுக்கப் பிரிட்ஜில் வைப்பார். கொழுப்பு பாலை விட இலேசானது என்பதால் காலையில் மேலே ஏடு கட்டியிருக்கும். கடையில் வாங்கும் பக்கற் பாலில் பெரும்பாலும் இது நடக்காது. கொழுப்புத் துணிக்கைகளை மிகச் சிறிதாக உடைத்துவிடுவதால் அவை மேலே வருவதில்லை. ஏட்டை வழித்து, ஹோர்லிக்ஸ் போத்தலில் அரைவாசிக்குப் போட்டுக் குலுக்குவார். அந்த வேலை எனக்கும் வரும். துணிக்கைகளைச் சுற்றியிருக்கும் மென்சவ்வு அடிபட்டுக் கிழிய, கொழுப்போடு கொழுப்பு ஒட்டும். சத்தம் திடீரென்று "தொப் தொப்" என மாறும்போது உள்ளே வெண்ணெய் இருக்கும்.

சென்ற ஆண்டு தாத்தா கர்ப்பமானார். தினமும் காலையில் பேரீச்சம்பழத்தோடு இந்த வெண்ணெய் அவருக்கு என்று உம்மம்மா முடிவெடுத்தார். நபி (ஸல்) அவர்கள் விரும்பிய உணவல்லவா என்றார். அபூதாவூதில் அப்படி இருப்பது உண்மைதான்.

அந்தத் தவணை எங்களுக்கு நுண்ணுயிரியல் பாடம். காய்ச்சாத பாலில் புரூசெல்லா, லிஸ்டீரியா போன்ற பற்றீரியாக்கள் இருக்கலாம். லிஸ்டீரியா பிரிட்ஜின் குளிரிலும் பெருகும். கர்ப்பிணிக்குத் தொற்றினால் குழந்தையையே இழக்க நேரலாம். 72 பாகை செல்சியஸில் 15 செக்கன் சூடாக்கினால் போதும், அவை அழிந்துவிடும்.

சொன்னேன்.

"நாங்கெல்லாம் பச்சப் பால்தான் குடிச்ச. ஒண்டும் ஆகல்லயே மகள்?"

உம்மாவுக்கு முன்னே பிறக்காமலே போன இரண்டு பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியும். அதற்கும் பாலுக்கும் தொடர்பு இருந்ததென்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பேச்சை எடுத்தால் உம்மம்மா வாயடைத்துப் போவார் என்பதும் தெரியும். நான் எடுக்கவில்லை. "தாத்தாவுக்கு மட்டும் காய்ச்சின பால்ல எடுப்போமே உம்மம்மா" என்றேன்.

"காய்ச்சினா வாசம் போயிடும்" என்று எழுந்து போனார். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. உம்மா என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது கோபமா நன்றியா என்று புரியவில்லை.

மூன்றாம் நாள் இரவு குசினியில் பால் பொங்கும் மணம். அலுமாரிக்குள்ளிருந்து பழந்துணியில் சுற்றிய மத்தொன்று வெளியே வந்திருந்தது. அவருடைய உம்மா தயிரில்தான் வெண்ணெய் எடுப்பாராம். இத்தனை வருடம் எங்களுக்குச் சொல்லாத கதை!

காய்ச்சிய இரண்டு லீற்றர் பாலை இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, சட்டித் தயிர் ஒரு கரண்டி கலந்தார். விடியும்போது உறைந்திருந்தது. பிரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டுக் கடைந்தோம். கொழும்பு வெக்கையில் கொழுப்பு இளகிவிடும் என்பதால் ஐஸ்தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்குக் கை ஓய்ந்தது, அவருக்கு ஓயவில்லை. மஞ்சள் மணிகள் மிதந்து வர, அள்ளி, கழுவும் தண்ணீர் தெளியும்வரை குளிர்நீரில் கழுவினார். மோர் மிச்சமிருந்தால் வெண்ணெய் சீக்கிரம் கெட்டுவிடும். கடைசியில் கிடைத்தது 100 கிராம்கூட இல்லை. லேசான புளிப்பு, ஆனால் வாசம் அப்படியே இருந்தது.

தாத்தா ஒரு துண்டைப் பேரீச்சம்பழத்துக்குள் வைத்துத் தின்றுவிட்டு, கொஞ்சம் உப்புக் கேட்டார்.

"உப்புப் போட்டா கடைப் பட்டர்தானே" என்று உம்மம்மா முறைத்தார்.