மோவாய்த் தீவு

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பத்து வருஷம் பணம் சேர்த்தால் காசிக்குப் போவார்; அல்லது வீட்டுக்கு மாடி எழுப்புவார். நானோ பசிபிக் சமுத்திரத்தின் நடுவே கற்சிலைகள் நிற்கும் ஒரு தீவுக்குப் போய் வந்தேன். இதைப் பற்றி என் மனைவியின் அபிப்பிராயம் இங்கே வேண்டாம்.

அங்குள்ளவர்கள் தங்கள் தீவை ராப்பா நுய் என்கிறார்கள். 1722ஆம் வருஷம் ஈஸ்டர் பண்டிகை நாளில் ரோகவேன் என்ற டச்சு மாலுமி அதைக் கண்டதால், மேல்நாட்டார் ஈஸ்டர் தீவு என்று பெயர் சூட்டிவிட்டார்கள். ஜனங்கள் குடியிருக்கும் இடத்தைப் புதிதாய்க் 'கண்டுபிடிக்கும்' இந்த வித்தை நமக்கும் தெரியாததல்ல.

சிலி தேசத்துச் சாந்தியாகோ நகரிலிருந்து ஆகாய விமானம் புறப்பட்டு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கீழே தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. பிறகு திடீரென்று ஒரு பச்சை முக்கோணம். மொத்தமே 163 சதுர கிலோ மீட்டர்.

சிலைகளுக்கு அவர்கள் பாஷையில் மோவாய் என்று பெயர். நம் மோவாய்க்கும் அதற்கும் யாதொரு உறவும் கிடையாது. ஆனாலும் முன்தள்ளி நிற்கும் அந்தக் கல் முகவாய்க்கட்டையை முதன்முதலில் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னை அழைத்துச் சென்ற பெரியவர் ஏன் என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் தம் மோவாயைத் தடவிக்கொண்டு அவரும் சிரித்தார். அன்றைக்கே நாங்கள் சிநேகிதர்களாகிவிட்டோம்.

ரானோ ரராக்கு என்ற எரிமலைச் சரிவுதான் சிலைகள் பிறந்த இடம். தீவிலுள்ள சுமார் ஆயிரம் சிலைகளில் ஏறக்குறைய 400 அங்கேயே இருக்கின்றன. பல தோள்வரை மண்ணில் புதைந்திருப்பதால் வெறும் தலைகள் என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. தோண்டிப் பார்த்தால் கீழே முழு உடம்பும் உண்டு. ஒன்று பாறையை விட்டுப் பிரியாமலே மல்லாந்து கிடக்கிறது. நீளம் சுமார் 21 மீட்டர்! இரும்பே அறியாத கைகள் கல்லால் கல்லைச் செதுக்கிய வேலை. பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். காற்றைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. 2022ஆம் வருஷத்துக் காட்டுத் தீயில் கறுத்துப்போன சில முகங்களையும் பெரியவர் மௌனமாய்க் காட்டினார்.

அங்கேதான் என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். "ஐயா, பதினைந்து வருஷமாக இந்தத் தீவைப் பற்றி வகுப்பில் சொல்லி வருகிறேன். சிலை இழுப்பதற்காக மரங்களையெல்லாம் வெட்டினார்கள், பிறகு பஞ்சம் வந்தது, ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு அழிந்துபோனார்கள் என்று சொல்லிக் கொடுத்தேன்."

"அப்படியானால் உங்களோடு பேசுவது யார்?" என்றார் அவர்.

மரங்கள் போனது உண்மைதான். மனிதர் வெட்டினார்கள், எலிகள் பனைக்கொட்டைகளைத் தின்றன. ஆனால் ஜனங்கள் அதனால் அழியவில்லை. கற்களைப் பரப்பி ஈரத்தைக் காத்துச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பயிரிட்டார்கள். பழைய எலும்புகளில் 15 பேருடைய மரபணுவைச் சோதித்து 2024இல் வெளியான ஆராய்ச்சியும், பெரிய வீழ்ச்சி நேர்ந்ததற்கு அடையாளமே இல்லை, 1860கள் வரை ஜனத்தொகை பெருகியே வந்தது என்கிறது.

பிறகுதான் கப்பல்கள் வந்தன. 1862, 1863 வருஷங்களில் பெரு தேசத்து அடிமை வியாபாரிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துப் போனார்கள். திரும்பி வந்த சொற்பப் பேரோடு பெரியம்மையும் வந்து சேர்ந்தது. 1877இல் எண்ணியபோது தீவில் மிஞ்சியவர்கள் 111 பேர்! மரப்பலகைகளில் பொறித்த ரொங்கோரொங்கோ எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்களும் அந்தக் கொள்ளையிலும் நோயிலும் போய்விட்டார்கள். இன்றுவரை யாரும் அதை வாசித்துச் சொல்லவில்லை. எஞ்சிய இரண்டு டஜன் பலகைகளில் ஒன்றுகூடத் தீவில் இல்லை.

1888இல் சிலி தேசம் தீவைச் சேர்த்துக்கொண்டது. பிறகு 1953 வரை ஒரு கம்பெனி அங்கே ஆடு வளர்த்தது. ஆடுகளுக்குத் தீவு முழுவதும். மனிதர்களுக்கு ஹங்கா ரோவா என்ற ஒரே ஊர், சுற்றிலும் சுவர். "என் தகப்பனார் தம் பாட்டன் நிலத்தைப் பார்க்க அனுமதி கேட்க வேண்டியிருந்தது" என்றார் பெரியவர். பிரஜா உரிமை கிடைத்ததோ 1966இல்தான்.

மறுநாள் விடியற்காலையில் தொங்காரிக்கியில் நின்றோம். கடலுக்கு முதுகைக் காட்டிப் பதினைந்து மோவாய்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காலத்தில் குப்புற விழுந்து கிடந்தவை. 1960இல் ஆழிப்பேரலை அவற்றை உள்நாட்டுக்கு வாரியடித்தது. 1990களில் ஜப்பானிய பாரந்தூக்கியின் உதவியால் மறுபடி எழுந்தன. முதுகுப் பக்கமாகச் சூரியன் வந்தபோது, பதினைந்து நிழல்களும் புல்வெளியில் நீண்டு எங்கள் கால்களைத் தொட்டன.

"பதினைந்தும் வீட்டில் இருக்கிறார்கள். ஒருவர் லண்டனில்" என்றார் பெரியவர். 1868இல் ஆங்கிலேயக் கப்பலொன்று எடுத்துப்போன ஹோவா ஹக்கனனாயியாவைத்தான் சொன்னார். 2018இல் தீவிலிருந்து பிரதிநிதிகள் பிரிட்டிஷ் மியூசியத்துக்கே போய்த் திருப்பிக் கேட்டார்கள். சாந்தியாகோ மியூசியத்திலிருந்த வேறொரு சிலையோ 2022இல் ஊர் திரும்பிவிட்டது.

அன்று மாலை அவர் வீட்டில் விருந்து. குழி வெட்டிக் கல்லைச் சுடவைத்து, வாழையிலை மூடி வேகவைத்த சமையல். நான் மாமிசம் உண்ணாதவன் என்றறிந்து அவருடைய சம்சாரம் கிழங்காகவே பரிமாறினாள்.

"இனிமேல் வகுப்பில் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார் பெரியவர்.

கிழங்கு வாயிலிருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை; இன்னொரு கிழங்கைத் தோலுரித்து என் இலையில் வைத்தார்.