எரியாத மஞ்சள் விளக்கு

சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் எங்கோ கோளாறு. இவ்வளவு எனக்குத் தெரியும். சாவி திருப்பியும் அது எரியவே இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று யோசித்ததில்லை.

எங்கள் வீடு பாறசாலைப் பக்கம். இஞ்சிவிளை தாண்டினால் தமிழ்நாடு. வண்டி நம்பர் கே.எல். 19 என்றாலும், பழுது என்றால் களியக்காவிளைக்கோ மார்த்தாண்டத்துக்கோதான் ஓடுவோம். இடவப்பாதி மழையில் வண்டியெல்லாம் செஞ்சேறு. அப்படி ஒரு மழைக்காலத்தில் பானெட்டைத் திறந்து, பிரஷர் பம்பால் இன்ஜின் மேலேயே தண்ணீர் அடித்துக் கழுவினேன். அது கூடாது என்று எலக்ட்ரீசியன் தம்பி முன்பே சொல்லியிருந்தான்.

சில வாரங்களில் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. வண்டி இழுக்காமல் திணறியது. ஸ்டியரிங்கிற்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் தம்பி ஸ்கேனரைச் செருகினான். திராட்டில், கேம், பிரஷர் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சென்சார்களின் பழுதுக் குறியீடுகள் வரிசையாக வந்தன.

"அண்ணே, இத்தன சென்சாரும் ஒண்ணிச்சு கெடாது. எல்லாத்துக்கும் அஞ்சு வோல்ட் கொடுக்கது ஈசிஎம்ங்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்டி. அதத்தான் பாக்கணும். இன்ஜின்ல தண்ணி அடிச்சியளா?"

"இல்லை" என்றேன். சொன்னதைக் கேட்காத கூச்சம். அதைவிட, பெரிய பில்லுக்கு அடிபோடுகிறானோ என்ற சந்தேகம். அப்புறம் பார்க்கலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் விளக்கு தானாகவே எரியாமல் போனது. எனக்கு ஒரே சந்தோஷம். அவனுக்கு போன் போட்டு, "நீ சொன்ன பெட்டியத் தொடாமலே சரியாயிட்டு" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். களியக்காவிளை டீக்கடையில், அவன் இல்லாத பழுதைச் சொல்லிக் காசு பார்ப்பவன் என்றும் பேசினேன்.

அம்மாவைக் கண்புரை ஆபரேஷனுக்குத் திருவனந்தபுரம் கூட்டிப்போன காலையில், அமரவிளைப் பாலத்தில் வண்டி நின்றது. கீழே நெய்யாறு நிறைந்து ஓடியது. பின்னால் பஸ்களின் ஹாரன். திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது; பேட்டரியில் குறையில்லை. சாவி போட்டதும் பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனகும். அந்தச் சத்தம் இல்லை. மீட்டரைப் பார்த்தேன். ஆயில் விளக்கு எரிந்தது, பேட்டரி விளக்கு எரிந்தது. பக்கத்தில் மஞ்சள் விளக்கின் இடம் மட்டும் கறுப்பாக இருந்தது. இன்று மட்டுமல்ல, இத்தனை நாளும் சாவி போட்ட நேரத்தில்கூட அது கறுப்பாகத்தான் இருந்திருக்கிறது. தினமும் அதைப் பார்த்துத்தான் நிம்மதியாக வண்டி ஓட்டியிருக்கிறேன்.

அம்மாவை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினேன். அன்றைய ஆபரேஷன் தேதி போயிற்று. வேறு வழியில்லாமல் அந்தத் தம்பியையே கூப்பிட்டேன். வந்தான்.

உடனே ஈசிஎம் மேல் பழி போடவில்லை. முதலில் பியூஸ், பிறகு மெயின் ரிலே, பிறகு மல்டிமீட்டர் வைத்து எர்த் வயர். எல்லாம் சரி. ஸ்கேனருக்கு ஈசிஎம்மிடமிருந்து பதிலே வரவில்லை. கடைசியாகத்தான் அதன் கனெக்டரைக் கழற்றினான். பின்களில் பச்சைக் களிம்பு. பெட்டியைத் திறந்தால் போர்டிலும் அதே பச்சை. செம்புக் கோடுகள் அரித்துப் போயிருந்தன. என் வண்டியில் அந்த விளக்கை எரியவைப்பதும் ஈசிஎம்தான். முதலில் விளக்கின் பின் அரித்திருக்கிறது, பிறகு கரண்ட் வரும் பின்.

அவன் என்னைப் பார்த்தான். கேட்கவில்லை. "தண்ணி அடிச்சேன்" என்றேன்.

"அண்ணைக்கே சொல்லியிருந்தா பின்னத் தொடச்சுக் காயவச்சுப் பாத்திருக்கலாம் அண்ணே."

மார்த்தாண்டத்தில் பழைய பெட்டி ஒன்று வாங்கிப் போட்டோம். அதில் வேறொரு வண்டியின் சாவிக் குறியீடு பதிந்திருந்ததால் என் சாவியை ஏற்கவில்லை. புதிதாக வாங்கி புரோகிராம் செய்ததில், அம்மாவின் ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணமும் கரைந்தது. அடுத்த தேதி வரும்வரை அம்மா சுவரைத் தடவித் தடவித்தான் நடந்தாள்.

டீக்கடையில் நான் முன்பு பேசியவர்களிடமே நடந்ததைச் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு வொர்க்‌ஷாப் மாற்றியிருந்த டாக்சிக்காரர் ஒருவர் மட்டும் அந்தத் தம்பியிடம் இன்னும் திரும்பிப் போகவில்லை.