சால்ட்டேரின் கம்பளி ஆலை

லீட்ஸிலிருந்து ஸ்கிப்டன் செல்லும் ரயில் ஷிப்லியைத் தாண்டியவுடன் சால்ட்டேர் என்னும் சிறு நிலையத்தில் நிற்கிறது. இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில், பிராட்ஃபோர்டுக்கு வடக்கே சில மைல் தொலைவில் உள்ள ஊர் இது. தண்டவாளத்தை ஒட்டியே சால்ட்ஸ் மில்லின் தெற்கு முகப்பு எழுந்து நிற்கிறது. மணற்கல்லில் கட்டிய ஆறு மாடிகள். 545 அடி நீளம். வரிசையாக ஓடும் ஜன்னல்களை ஒரு முனையிலிருந்து எண்ணத் தொடங்கினால் பாதியிலேயே கண் தடுமாறிவிடும். விக்டோரியா காலத்துக் கம்பளித் தொழிலின் துணிச்சல் முழுவதும் இந்த ஒரு சுவரில் தெரிகிறது.

1853 செப்டம்பர் 20 அன்று, தம் ஐம்பதாவது பிறந்தநாளில், டைட்டஸ் சால்ட் இந்த ஆலையைத் திறந்துவைத்தார். தென்னமெரிக்க அல்பாக்காவின் நீண்ட, பளபளப்பான உரோமத்தை மற்றவர்கள் சீண்டாதிருந்த காலத்தில் அதை நயமான துணியாக்கிப் பெரும் பொருள் ஈட்டியவர் அவர். அன்றைய பிராட்ஃபோர்டு கரும்புகையிலும் கழிவுநீரிலும் திணறிக்கொண்டிருந்தது. 1849இல் அங்கே காலரா பரவியபோது நகரின் மேயராக இருந்தவர் சால்ட். பல இடங்களில் சிதறிக் கிடந்த தம் ஆலைகளை ஒன்றாக்கி, ஏர் ஆற்றங்கரையின் திறந்தவெளிக்குக் கொண்டுபோக அவர் முடிவெடுத்தார். இரக்கம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு பக்கம் லீட்ஸ்–லிவர்பூல் கால்வாய், மறுபக்கம் ரயில் பாதை, அருகிலேயே ஆறு. நிலக்கரியும் கம்பளியும் வாசலுக்கே வந்து சேரக்கூடிய இடம் அது.

கட்டடக் கலைஞர்கள் பிராட்ஃபோர்டின் லாக்வுட், மாசன் இருவர். பொறியாளர் மான்செஸ்டரின் வில்லியம் ஃபேர்பேர்ன். தரைப்படம் ஆங்கில ‘T’ எழுத்தின் வடிவம் கொண்டது. ரயில் பாதையை ஒட்டிய நீண்ட பகுதியில் நூற்பு நடந்தது. அதன் நடுவிலிருந்து கால்வாயை நோக்கிச் செங்குத்தாக நீளும் பகுதி கிடங்கு. அதன் ஒருபுறம் கம்பளியைச் சீவும் கூடம், மறுபுறம் நெசவுக் கூடம். நூற்பு இயந்திரங்களை மாடி மாடியாக அடுக்கலாம். தறிகளை அப்படி அடுக்க முடியாது. 1,200 தறிகள் ஒருசேர அடிக்கும் அதிர்வை மேல்தளங்கள் தாங்கா. அதனால்தான் நெசவுக் கூடம் ஒற்றைத் தளமாகத் தரையோடு பரந்து கிடக்கிறது. முழு வேகத்தில் ஓடினால் நாளொன்றுக்கு 30,000 கஜம் துணி கிடைக்கும் என்ற கணக்கில் ஆலை திட்டமிடப்பட்டது.

இந்த ஆலையின் உண்மையான சாதனை சுவருக்குள்ளே இருக்கிறது. பழைய ஆலைகளின் தளங்கள் மரத்தால் ஆனவை. எண்ணெய் ஊறிய பலகை, காற்றில் மிதக்கும் இழைத்தூசி, விளக்கின் சுடர் மூன்றும் சேர்ந்த இடத்தில் ஒரு பொறி போதும், ஒரே இரவில் ஆலை சாம்பலாகிவிடும். 1797இல் ஷ்ரூஸ்பரியில் கட்டிய ஆளிநார் ஆலை முதன்முறையாக இரும்புச் சட்டகத்தைக் கையாண்டு மாற்று வழி காட்டியது. அந்த வழியின் முதிர்ந்த வடிவம்தான் சால்ட்டேர். வார்ப்பிரும்புத் தூண்கள் வரிசையாக நிற்க, அவற்றின் மேல் வார்ப்பிரும்பு உத்தரங்கள். உத்தரத்துக்கு உத்தரம் தாழ்வான செங்கல் வளைவு. வளைவின் மேல் தளம். எங்கும் எரியும் பொருள் இல்லை.

வார்ப்பிரும்புக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தத்தை அபாரமாகத் தாங்கும், இழுவிசைக்கு முறிந்துவிடும். பாரம் ஏறிய உத்தரத்தின் அடிப்பகுதியில்தான் இழுவிசை சேர்கிறது. ஆகவே அடிவிளிம்பை அகலமாக வார்க்க வேண்டும் என்பதை ஃபேர்பேர்னின் மான்செஸ்டர் பட்டறையில் ஈட்டன் ஹாட்ஜ்கின்சன் செய்த சோதனைகள் முன்பே நிறுவியிருந்தன. ஆலைகளைப் பற்றிப் பின்னர் எழுதிய பெருநூலில் ஃபேர்பேர்ன் சால்ட்டேரை விரிவாக விளக்கினார். மேல்மாடி கட்டடத்தின் முழு நீளத்துக்கும் ஒரே அறையாக ஓடுகிறது. அங்கே கூரையை இரும்புச் சட்டங்கள் தாங்குகின்றன. உலகிலேயே நீளமான அறை என்று அந்நாளில் அதைப் பேசினார்கள்.

பார்வைக்குத் தென்படாத ஏற்பாடுகளும் உண்டு. இயந்திரங்களை இயக்கும் சுழல்தண்டுகளில் பெரும்பகுதி தரைக்கடியில் ஓடியது, இரைச்சல் குறைந்தது. கூரையில் விழும் மழைநீர் நிலத்தடித் தொட்டியில் சேர்ந்து கம்பளி அலசப் பயன்பட்டது. சுண்ணாம்புச் சத்து இல்லாத நீர் கம்பளிக்கு உகந்தது என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் அறிவார்கள்.

அலங்காரத்தை இத்தாலிய மாளிகைகளிலிருந்து எடுத்தார்கள். ஆனால் அதை வாரி இறைக்கவில்லை. அரைவட்டத் தலை கொண்ட ஜன்னல்கள், கூரையோரம் தடித்து நீளும் கொடுங்கை, முகப்பின் நடுவே இரட்டைச் சிறு கோபுரங்கள், அவ்வளவுதான். மற்றதையெல்லாம் கல்லின் நிறமும் நீளத்தின் தாளமும் பார்த்துக்கொள்கின்றன. புகைபோக்கி 250 அடி உயரம். 1868இல் கால்வாயின் அக்கரையில் எழுந்த புதிய ஆலையில் மட்டும் கைகள் சற்றுத் தாராளமாகின. அதன் புகைபோக்கிக்கு வெனிஸ் நகரின் ஃப்ராரி தேவாலய மணிக்கோபுரத்தை முன்மாதிரியாகக் கொண்டார்கள். கரும்புகை கக்கும் குழாய்க்குத் தேவாலயத்தின் வடிவம் ஏன் என்று கேட்கத் தோன்றலாம். ஆலையைத் தன் காலத்தின் மதிப்புமிக்க கட்டடமாகவே அந்தத் தலைமுறை நினைத்தது.

ஆலைக்குத் தெற்கே, அதே கலைஞர்கள் வரைந்த தொழிலாளர் குடியிருப்பு சதுரங்கக் கட்டங்களைப் போல் விரிகிறது. 800க்கும் மேற்பட்ட வீடுகள். தெருக்கள் பலவற்றுக்குச் சால்ட் குடும்பத்தாரின் பெயர்கள். மேற்பார்வையாளருக்குப் பெரிய வீடு, சாதாரணத் தொழிலாளிக்குச் சிறியது. ஆலைக்குள் இருந்த படிநிலை தெருவிலும் கல்லாக நின்றது. மதுக்கடைக்கு அன்று இடமே இல்லை. ஆலைக்கு எதிரே 1859இல் தேவாலயம் வந்தது. நல்ல காற்றும் நீரும் தந்த அதே கை, வாழும் முறையையும் வகுத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சால்ட் 1876இல் மறைந்தார். ஆலையில் உற்பத்தி 1986இல் நின்றது. அடுத்த ஆண்டே ஜோனதன் சில்வர் அதை வாங்கி, பிராட்ஃபோர்டில் பிறந்த ஓவியர் டேவிட் ஹாக்னியின் படைப்புகளுக்கு அங்கே கூடம் அமைத்தார். புத்தகக் கடையும் உணவகமும் பின்னர் வந்தன. 2001இல் யுனெஸ்கோ சால்ட்டேரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பளுவான இயந்திரங்களுக்காக வார்த்த தூண்களுக்கு ஓவியங்களும் புத்தகங்களும் தரும் புதிய பாரம் ஒரு பொருட்டே அல்ல. ஆலை வேறு வேலைக்கு மாறியது. 90 மீட்டர் நீளமுள்ள ஹாக்னியின் நார்மண்டி ஓவியத்தை 2022இல் மேல்மாடி அறையில் முழுதாக விரித்து வைத்தார்கள். அதற்கு அப்பாலும் அறையில் இடம் மிஞ்சியது.