இளைப்பாறும் இதயம்

கத்தோலிக்க இல்லங்களில் நுழைந்தவுடன் கண்ணில் படுவது இயேசுவின் திரு இருதயப் படம். எம் இல்லத்துக் கூடத்திலும் அது உண்டு. அதன் முன் சிறு சிவப்பு விளக்கு இரவும் பகலும் எரியும். சூன் மாதத்தில் அதன் முன் முழந்தாளிட்டு மன்றாட்டு மாலை சொல்லாத நாளில்லை. ஆயினும், எமது நெஞ்சுக்குள் துடித்துக் கொண்டிருந்த இருதயத்தைப் பற்றி நாம் அறிந்திருந்தது மிகச் சொற்பம். அந்த அறியாமைக்கு நாம் கொடுத்த விலையே இதனை எழுதத் தூண்டுகிறது.

ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன், ஒரு முதல் வெள்ளியன்று பூசை கண்டு வீடு திரும்பிய எம் தாயார், நெஞ்சைப் பிசைவது போலிருக்கிறது என்றார். நெற்றி வியர்த்திருந்தது. இடது தோள் கனப்பதாகவும் சொன்னார். "வாயுவாக இருக்கும், கொஞ்சம் ஓமத் தண்ணீர் கொடு" என்று தாமே மருந்தும் கூறினார். கொடுத்தோம். "சற்றுப் படுங்கள் அம்மா" என்றோம். "உலை வைக்க வேண்டுமே" என்று அடுக்களைக்குச் சென்றுவிட்டார். மறுநாள் விடியலில் மூச்சிரைக்கத் தொடங்கிய பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம்.

மருத்துவர் கடிந்து பேசவில்லை. தம் கையை மூடிக் காட்டி, "இருதயம் ஏறக்குறைய இவ்வளவுதான், இதில் ஒரு பகுதிக்கு நேற்றிலிருந்து இரத்தம் போகவில்லை. முதல் சில மணி நேரத்துக்குள் வந்திருந்தால் அடைப்பைக் கரைத்துத் தசையில் பெரும்பகுதியைக் காத்திருக்கலாம். இறந்துபோன தசை திரும்ப வளராது; அவ்விடம் தழும்பாகிவிடும்" என்றார். அம்மா பிழைத்துக் கொண்டார். ஆனால் அந்தத் தழும்பு அவர் இருதயத்தில் மட்டும் விழவில்லை.

அதன் பின்னரே உடலைப் பற்றிய தொடக்க நூல்களைத் தேடிப் படித்தோம். உறுப்புகள் எங்கே, எவ்வாறு அமைந்துள்ளன என்று கூறுவது உடற்கூற்றியல். அவை எவ்வாறு தொழில் புரிகின்றன என்று விளக்குவது உடலியங்கியல். வீடு கட்டப்பட்ட விதத்தை அறிவது முன்னது. அவ்வீட்டில் நடக்கும் இல்லறத்தை அறிவது பின்னது எனலாம்.

இருதயம் மார்பின் இடப்பக்கம் இருப்பதாகவே நாம் எண்ணியிருந்தோம். உண்மையில் அது இரு நுரையீரல்களுக்கும் நடுவே, மார்பெலும்பின் பின்னால் அமைந்து, நுனி மட்டும் இடப்புறம் சாய்ந்திருக்கிறது. எடை சுமார் 300 கிராம். மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு அறைகள். உடலெங்கும் சுற்றிக் களைத்து வரும் இரத்தத்தை வலப்பக்க அறைகள் ஏற்று நுரையீரலுக்கு அனுப்புகின்றன. அங்கே பிராணவாயுவைப் பெற்றுத் திரும்பும் இரத்தத்தை இடப்பக்க அறைகள் ஏற்று, பெருந்தமனி வழியே உடல் முழுவதற்கும் செலுத்துகின்றன. நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் துடிப்புகள்!

இவ்வுண்மைகள் எளிதில் கிட்டியவை அல்ல. கல்லீரலில் உண்டாகும் இரத்தம் உடலில் செலவழிந்து போகிறது என்றே 1,400 ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பிய மருத்துவர் நம்பி வந்தனர். அரைமணி நேரத்தில் இருதயம் வெளியேற்றும் இரத்தத்தைக் கணக்கிட்டு, அது உடலிலுள்ள மொத்த இரத்தத்தையும் மிஞ்சுகிறது எனக் கண்ட இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி, ஒரே இரத்தம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது என்று 1628இல் நிறுவினார்.

இருதயம் எத்தகைய பொருளால் ஆனது என்ற வினாவுக்கு விடை கண்டவர் டென்மார்க் நாட்டவரான நிக்கோலாஸ் ஸ்டெனோ. அது உயிர்ச்சூட்டின் உறைவிடம் என்று பலர் போற்றிய காலத்தில், கை கால்களில் உள்ளது போன்ற தசையே இருதயம் என்று 1664இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துரைத்தார். இதனால் இருதயத்தின் மாண்பு குறைந்துவிட்டதோ? அவ்வாறு அவர் கருதியதாகத் தோன்றவில்லை. 1667இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த அவர், 1675இல் குருவாகவும் 1677இல் ஆயராகவும் திருநிலை பெற்றார். 1988இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்.

தசை என்றால் அதற்கு உணவும் வேண்டும், ஓய்வும் வேண்டும். இங்கேதான் எம்மை வியப்பில் ஆழ்த்திய செய்தி இருக்கிறது. தன் அறைகளில் எந்நேரமும் இரத்தம் நிறைந்திருந்தும், இருதயத்தின் தடித்த தசை அதிலிருந்து பசியாறிக் கொள்ள இயலாது. பெருந்தமனியின் அடியிலிருந்து பிரியும் இரு சிறு தமனிகளே அதற்கு உணவளிக்கின்றன. இருதயம் சுருங்கும்போது அவற்றின் கிளைகளும் நெருக்குண்டு போவதால், இடக் கீழறையின் தசை தன் பங்கில் பெரும்பகுதியைத் தளர்ந்து இளைப்பாறும் வேளையிலேயே பெறுகிறது. நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இருதயத்தில், ஒரு துடிப்புக்கு ஆகும் 0.8 வினாடியில் கீழறைகள் உழைப்பது ஏறத்தாழ 0.3 வினாடி, இளைப்பாறுவது 0.5 வினாடி. கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்குச் சுமார் 15 மணி நேரம்! ஓயாமல் உழைப்பதற்கு உவமை கூறும் இருதயத்தையே, ஓய்விலே உண்ணும்படி படைத்திருக்கிறார் இறைவன். ஏழாம் நாளின் ஓய்வை அவர் கற்பலகையில் மட்டும் எழுதவில்லை போலும்.

இதைப் படித்த அன்று எம் தாயாரின் நினைவு நெஞ்சை அடைத்தது. அனைவருக்கும் பரிமாறிவிட்டு, அடிச்சட்டியில் எஞ்சியதை நின்றபடியே உண்டவர் அவர். ஓய்வின்மைதான் அடைப்பை உண்டாக்கியது என்று மருத்துவர் கூறவில்லை. நெடுநாளாக உயர்ந்திருந்த இரத்த அழுத்தத்தையும் ஒரு காரணமாகச் சொன்னார். அதை ஒருமுறையேனும் அளந்து பார்க்க அம்மாவுக்கு நேரம் வாய்க்கவில்லை. அழைத்துச் செல்ல எமக்கும் தோன்றவில்லை. அதன் பின் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார். திரு இருதயப் படத்தின் கீழே ஒரு நாற்காலியில் அமர்ந்து, நாம் சமைத்ததை நாம் பரிமாற உண்டார். முதல் சில நாட்கள் அவருக்கு அது வெட்கமாகவே இருந்தது.

அன்பு வாசகர்களே, நெஞ்சில் அழுத்தம், தோள், தாடை அல்லது முதுகுக்குப் பரவும் வலி, காரணமின்றி வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் வாயுவென்று காத்திராதீர்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் கடும் வலியின்றியே இது வரக்கூடும். உடனே 108ஐ அழையுங்கள். உடலை அறிவது அதைத் தந்தவருக்கு நாம் செலுத்தும் நன்றியின் ஒரு பகுதி.

இந்தச் சூன் மாதத்தில் திரு இருதயத்தின் முன் முழந்தாளிடுவதற்கு முன், வீட்டில் இன்னும் நின்றுகொண்டிருப்பவர் யாரென்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.