சிறுவாடும் செல்போனும்

2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அடுத்த சில வாரங்களில் எத்தனையோ வீடுகளில் அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் கிடந்த சிறுவாட்டுப் பணம் வெளியே வந்தது. மாற்றித் தரச் சொல்லிக் கணவர் கையிலேயே கொடுக்க வேண்டிய நிலை. "எனக்குத் தெரியாம இவ்வளவா?" என்று கோபப்பட்டவர்களை எனக்குத் தெரியும். பிள்ளையின் பரீட்சைக் கட்டணத்துக்கும், பிறந்த வீட்டில் அப்பாவின் மருந்துக்கும் சேர்த்த பணம் அது. அதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இப்போது அந்த இடத்தில் செல்போன். பாஸ்வேர்டைக் கொடுப்பதுதான் அன்புக்கு அத்தாட்சி என்கிறார்கள். தோழி நம்மை நம்பிச் சொன்ன கஷ்டமும் அதற்குள்தானே இருக்கிறது? அதைக் காட்ட நமக்கு ஏது உரிமை?

மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த அழைப்பு விவரங்களைச் சாட்சியமாக ஏற்க, 2024 அக்டோபரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மறுத்தது. தம்பதிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வேறொரு விவாகரத்து வழக்கில், ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பும், ஒருவரையொருவர் வேவு பார்ப்பதே உறவு உடைந்துவிட்டதற்கு அடையாளம் என்றுதான் சொல்கிறது.

கடன், நோய், இன்னொரு உறவு, இவற்றை மறைக்கக் கூடாது. மற்றபடி, புதிதாகக் கல்யாணம் ஆனவர்களே, தயவுசெய்து துணையின் போனைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.