பழைய விளையாட்டுப் பெட்டியும் ஒரு கறுப்புக் கம்பியும்

ஆசிரியர் ஒருவர் வீட்டின் முன்கூடத்தில் ஆளுயர விடியோ விளையாட்டுப் பெட்டி நிற்கிறது என்றால் கேட்பவர் நகைக்கக்கூடும். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள எங்கள் வீட்டில் அப்படி ஒன்று நிற்கிறது. தொழிற்கூடம் ஒன்றைக் காலி செய்தவரிடமிருந்து பழைய இரும்பின் விலைக்கு வாங்கினேன். அதைச் சீர்செய்ய ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதத்தில் நான் கற்ற பாடம் ஒன்றை ஆசிரியர்களும் பெற்றோரும் அறிய வேண்டும் என எண்ணியே இதை எழுதுகிறேன்.

பின்கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது கரப்பான் எச்சம். அடுத்து அச்சந்தரும் காட்சி ஒன்று. உருகியைச் சுற்றி யாரோ செம்பிழை ஒன்றை முறுக்கி வைத்திருந்தார்கள். மின்னோட்டம் மிகுந்தால் உருகி அறுந்து நம்மைக் காக்க வேண்டும். இழையைச் சுற்றிவிட்டால் அது காக்காது; கம்பிதான் எரியும். பச்சை மஞ்சள் நிறப் புவிக்கம்பியும் துண்டிக்கப்பட்டிருந்தது. நாணயம் போடும் கதவு முழுதும் இரும்பு. அதில் மின்கசிவு ஏற்பட்டிருந்தால் கைவைத்த பிள்ளையின் நிலை என்ன?

ஆகவே முதல் வேலை, சுவரிலிருந்து வரும் கம்பியை முற்றாக மாற்றியது. மூன்று முனைப் பிளக், உரிய உருகி, இரும்புப் பகுதிகள் அனைத்துக்கும் புவி இணைப்பு. படக்குழாயை மட்டும் நான் தொடவில்லை. வண்ணப் படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அது தேங்கி நிற்கக்கூடும். தொலைக்காட்சி பழுதுபார்ப்பதில் நரைத்துப்போன பெரியவர் ஒருவர் வந்து, தேங்கிய மின்னை முறைப்படி இறக்கி, வற்றிப்போன மின்தேக்கிகளை மாற்றித் தந்தார். இத்தகைய பெட்டியைத் திறக்க விரும்பும் பெற்றோர் இதை மறக்க வேண்டாம்.

எஞ்சியது உள்கம்பிப் பின்னல். 1985ஆம் ஆண்டளவில் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் 'ஜாமா' என்னும் பொது இணைப்பு முறையை வகுத்தது. பக்கத்துக்கு 28 என மொத்தம் 56 முனைகள். எந்த நிறுவனத்தின் விளையாட்டுப் பலகையையும் எந்தப் பெட்டியிலும் செருகலாம் என்பதே அதன் நோக்கம். என் பெட்டியில் இருந்தது 1991இல் காப்காம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'. அதற்கு ஆளுக்கு ஆறு பொத்தான்கள். ஜாமாவில் ஆளுக்கு மூன்று பொத்தான்களே அடங்கும். ஆகவே கையால் குத்தும் மூன்றும் ஜாமா வழியாகவும், காலால் உதைக்கும் மூன்றும் தனி இணைப்பு வழியாகவும் செல்கின்றன.

ஒவ்வொரு பொத்தானின் அடியிலும் சிறு விசை ஒன்று உண்டு. அதற்கு மூன்று கால்கள்: பொது, அழுத்தினால் இணைவது, அழுத்தினால் பிரிவது. முதல் இரண்டை மட்டும் பயன்படுத்துவோம். பொத்தானை அழுத்தினால் சைகைக்கம்பி பொதுக்கம்பியோடு சேரும். பலகை அதை உணர்ந்துகொள்ளும். அவ்வளவுதான். கோலாலம்பூர் பாசார் சாலையின் மின்னணு உதிரிப்பாகக் கடைகளில் கம்பியும் முனைகளும் வாங்கிவந்து, சைகைக்கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றினேன். எல்லாவற்றையும் இணைக்கும் கறுப்பு நிறப் பொதுக்கம்பி நன்றாக இருப்பதுபோல் தோன்றியதால் அதை விட்டுவிட்டேன்.

மின்சாரம் கொடுத்தேன். படம் ஒளிர்ந்தது, ஒலி எழுந்தது. என் இளைய மகள் கைதட்டினாள். ஆனால் இரண்டாம் ஆட்டக்காரர் பக்கத்தில் நான்கு பொத்தான்கள் இயங்கவில்லை. உதைக்கும் மூன்றும் செயலற்றிருந்ததால் தனி இணைப்பில்தான் பழுது என முடிவு கட்டினேன். குத்தும் பொத்தான் ஒன்றும் இயங்காததை வேறொரு பழுது எனக் கொண்டேன். புதிய விசை போட்டேன், பயனில்லை. தனி இணைப்பைப் பிரித்து மீண்டும் பற்றவைத்தேன், பயனில்லை. இரண்டு வாரங்கள் கழிந்தன.

மகள் ஐந்தாம் ஆண்டில் படிக்கிறாள். மின்சுற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்த சமயம். ஒரு மாலை தாளும் வண்ண எழுதுகோலும் எடுத்துவந்து பொத்தான்களை வட்டமாக வரைந்தாள். ஒவ்வொரு கம்பியையும் அதற்குரிய நிறத்தில் கோடிட்டாள். பிறகு கேட்டாள்:

“அப்பா, மூனு ஒரு பக்கம் போகுது, ஒன்னு இன்னொரு பக்கம் போகுது. நாலுக்கும் ஒன்னா போறது இந்தக் கறுப்புக் கம்பி மட்டும்தானே?”

நான் தாளைப் பார்த்தபடி நின்றேன். பொதுக்கம்பி ஒரு பொத்தானிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு எனச் சங்கிலியாகச் சென்றது. இரண்டாம் பொத்தான் வரை எல்லாம் இயங்கின; மூன்றாவது முதல் ஒன்றும் இயங்கவில்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். இரண்டாம் பொத்தானை விட்டு வெளியேறும் கம்பி, உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. வெளியே கறுப்பு உறை சிறிதும் குலையவில்லை. இழுத்தால் மட்டுமே நெகிழ்ந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் மாணவர்க்குக் கற்பித்த பாடம் அது!

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம், அந்தச் சிறு விசையை நான் அதற்கு முன்பே கையில் வாங்கியிருக்கிறேன். 1996ஆம் ஆண்டு. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் மாலை வகுப்புக்கு வராமல் விடியோ விளையாட்டுக் கடையில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, நானே சென்று கையைப் பிடித்து அழைத்துவந்தேன். “நான் விளையாடல சார், பட்டன் மாத்திக்கிட்டு இருந்தேன்” என்றான். சட்டைப் பையிலிருந்து ஒரு விசையை எடுத்துக் காட்டினான். “இதுக்கு மூனு காலு இருக்கு சார்...” என்று தொடங்கினான். “இது யு.பி.எஸ்.ஆரில் வராது” என்று சொல்லி அதை வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மறுநாள் வகுப்பின் முன்னும் கண்டித்தேன்.

அக்கடைகளுக்குப் பிள்ளைகள் செல்வதை நான் இன்றும் ஆதரிக்கவில்லை. புகைமூட்டமும் பள்ளிக்கு மட்டம் போடும் பழக்கமும் அங்கே இருந்தன. அந்த அச்சம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று; பிலிப்பீன்ஸில் 1981இல் மார்க்கோஸ் அரசு இவ்வியந்திரங்களையே தடைசெய்தது. அவனை அழைத்துவந்ததில் எனக்கு வருத்தமில்லை. அவன் சொல்ல வந்ததைக் கேட்காததே என் பிழை. அதன் பிறகு அவன் நாள்தோறும் வகுப்புக்கு வந்தான். கேட்டதை எழுதினான். ஆனால் ஆண்டு முடியும்வரை என்னிடம் எதையும் தானாகச் சொன்னதில்லை. அதை நான் ஒழுக்கம் என எண்ணி மகிழ்ந்தேன். உறை குலையாமல் இருந்ததால் கம்பி நன்றாக உள்ளது என நம்பியவன் அல்லவா நான்!

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. அந்தப் பையன் இன்று நாற்பது வயதை எட்டியிருப்பான். எங்கே இருக்கிறான் என அறியேன். அந்த மூன்றாவது காலைப் பற்றி அவன் என்ன சொல்ல வந்தான் என்பதும் தெரியாமலே போயிற்று.

அறுந்த கம்பியை மாற்றினேன். இம்முறை பொதுக்கம்பியின் கடைசி முனையை மீண்டும் தொடக்கத்துக்கே கொண்டுவந்து வளையமாக்கினேன். இனி ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கத்திலிருந்து இணைப்பு கிடைக்கும். ஒரு பொத்தானும் தனித்துவிடப்படாது.

வெள்ளிக்கிழமைகளில் என் வகுப்பின் இறுதிப் பத்து நிமிடங்களை இப்போது மாணவர்க்கே விட்டுவிடுகிறேன். பாடநூலில் இல்லாத ஒன்றை, தனக்குத் தெரிந்ததை, யாரேனும் ஒருவர் எழுந்து விளக்க வேண்டும். மிதிவண்டிச் சங்கிலி, சோறு வடிக்கும் முறை, மீன்தொட்டி எனப் பலவும் வந்துவிட்டன. நான் பின்வரிசையில் அமர்ந்து கேட்கிறேன். பெற்றோரே, உங்கள் பிள்ளை சட்டைப் பையிலிருந்து எதையாவது எடுத்துக் காட்டினால், தூக்கி எறிவதற்கு முன் அவன் சொல்ல வருவதை முழுதாகக் கேட்டுவிடுங்கள்.

நேற்று மகளோடு ஆடினேன். அந்த நான்கு பொத்தான்களால்தான் என்னை வீழ்த்தினாள்.